மெடல் கையில இருக்கு, ரெக்கார்ட்ல இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மலேசியா பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்தவன், அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் பால்மரம் வெட்டுனவங்க, 1948 ஜூன்ல கம்யூனிஸ்ட்காரங்க வெள்ளக்கார தோட்டத்துரைங்கள சுட்டு, மலாயா எமர்ஜென்சிங்கற அவசரகாலம் ஆரம்பிச்சது எங்க ஊர்லதான். பெரியவனாகி ஆர்மில சேந்து 1964ல இந்தோனேசியா மலேசியாவோட மோதுன கொன்ஃப்ரன்தாசி நேரம் சரவாக் காட்டுல பார்டர் காவல் நின்னேன், அட்டைக்கடி மலேரியா எல்லாம் பாத்தாச்சு. 1957லேருந்து 1966 வரைக்கும் சேவை செஞ்சவங்களுக்குன்னு உள்ள பிங்காட் ஜாசா மலேசியா மெடல் வீட்டுல இருக்கு, ஆனா சர்வீஸ் ரெக்கார்ட்ல மட்டும் ஏறவே இல்ல. மூணு தடவ ஃபாரம் குடுத்துட்டேன், ஃபைல் தேடுறோம்னே சொல்றாங்க. என்கூட நின்ன ரெண்டு பேரும் இப்ப இல்ல, சாட்சிக்கு யார கூட்டிட்டு போவேன்? அந்த ஒரு வரிய நான் உயிரோட இருக்கும்போதே சேத்து குடுங்க ஐயா.

முன்னாள் ராணுவ வீரர், சுங்கை சிப்புட்