மூன்றாம் இயலைத் திறக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நாலு மாதமாக நகராததைப் பற்றிப் பேசும்போது, "நான் சோம்பேறிப்பா, எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று போனில் சொன்னாய். பதில் சொல்வதற்குள் உனக்கு மெஸ் நேரம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோம்பேறி என்று யாரைச் சொல்வோம்? எந்த வேலையும் செய்ய மனமில்லாமல், அதைப் பற்றி வருத்தமும் இல்லாமல் இருப்பவரை. நீ அப்படியா இருக்கிறாய்? ஜூனியர் பெண்ணின் கட்டுரையை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தாய். துறையில் நடந்த கருத்தரங்குக்கு ஓடியாடி வேலை பார்த்தாய். துணைநூல் பட்டியலைக்கூட அகர வரிசையில் அடுக்கிவிட்டாய். மூன்றாம் இயலைத் தவிர எல்லாமே நடக்கிறது. அந்த ஒரு ஃபைலில் மட்டும்தான் கை நிற்கிறது. அப்படியானால் உழைப்பில் குறை இல்லை. அதைத் திறந்ததும் உனக்குள் என்ன எழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பி.எட். வகுப்பில் கல்வி உளவியல் எடுத்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடக்குறிப்பு நோட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டவர்களில் பலர் நல்ல கெட்டிக்காரர்கள். அக்கறை இல்லாமல் தள்ளியவர்கள் குறைவு. நன்றாக வரவேண்டுமே என்ற கவலையில் தள்ளியவர்கள்தான் அதிகம். ஃபூஷியா சிரோயிஸ், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. தள்ளிப்போடுகிறவர் அந்த வேலை கிளப்பும் பயத்திலிருந்தோ சலிப்பிலிருந்தோ அப்போதைக்குத் தப்பிக்கிறார். தப்பித்த அந்தக் கணத்தில் மனசு லேசாகிறது. ஃபைலை மூடினால் நிம்மதி என்று மனசு கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே ஃபைல் இன்னும் கொஞ்சம் பயம் காட்டுகிறது, இன்னும் சீக்கிரமாக மூடிவிடுகிறாய். நேரத்தை ஒழுங்குபடுத்தும் ஆப் ஒன்றை இறக்கினால் இது தீராது. மணி என்ன என்பது உனக்குத் தெரியாமலா இருக்கிறது?

உன் பயம் என்ன என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உன் ஆய்வுப் பொருளான, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் குளங்களைப் பற்றி நீ பேசும்போது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை வரிசையாகச் சொல்லி, எந்தக் குளம் நிரம்பி எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகும், மடை திறப்பதில் யார் சொல் எடுபடும் என்று விளக்குவாய். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். ஆனால் எழுத உட்கார்ந்தால், அந்தப் பெரியவர்கள் வெயிலில் உன்னோடு கரை கரையாக நடந்து சொன்னதை நாம் சிதைத்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது, இல்லையா? அந்த அக்கறைதான் உன்னை இந்த ஆய்வுக்கே கூட்டி வந்தது. அதை விடச் சொல்ல மாட்டேன். முதல் வரைவில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது தடவை படித்துத் திருத்தும்போது அது வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. பேச வருகிறது, எழுத வரவில்லை என்றால், பேசு. போனில் பதிவை ஓடவிட்டு, எனக்கோ அம்மாவுக்கோ சொல்வதுபோல ஒரே ஒரு குளத்தின் கதையைச் சொல். அப்புறம் அதை அப்படியே தட்டச்சு செய். வாக்கியம் கோணலாக இருக்கட்டும், மேற்கோள் எண் விடுபடட்டும். ஆய்வு நடை பிறகு வரும். வெற்றுப் பக்கத்தின் முன்னால் உட்காருவதும், கோணலான நாலு பக்கத்தின் முன்னால் உட்காருவதும் ஒன்றல்ல. திருத்துவதில் நீ கெட்டி. ஜூனியருக்குச் செய்த அதே வேலையை உன் பக்கத்துக்கும் செய்.

எங்கே, எப்போது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்தார்கள். எழுதுவோம் என்று மட்டும் நினைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். "இந்த வாரம் உட்காரணும்" என்பது திட்டமாகாது. "காலையில் டீ குடித்ததும் நூலக மாடியில், போன் அறையில் இருக்க, முதல் குளம்" என்றால் திட்டம். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஓடினால் சந்தோஷம், ஓடாவிட்டாலும் அன்றைய கணக்கு முடிந்தது.

"இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்" என்று கைடிடம் சொல்வதையும் கொஞ்சம் நிறுத்து. கனடாவில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் குறைத்துக் கணக்கிடுகிறோம். ஆனால் நீ ஒவ்வொரு கெடு தவறும்போதும் அதை உன் குணத்தின் மேல் ஏற்றிக்கொள்கிறாய், வெட்கப்படுகிறாய், அந்த வெட்கத்தில் கைடின் மெயிலையே திறப்பதில்லை.

இப்படி நீ உன்னையே திட்டிக்கொள்வதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தன்னைத் திட்டிக்கொண்டால் சுறுசுறுப்பு வரும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒட்டாவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010இல் முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காரணம் புரியக்கூடியதுதான். ஏற்கெனவே பயமுறுத்தும் வேலையோடு, நான் உதவாக்கரை என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டால் அதன் பக்கமே போகத் தோன்றாது. போன நாலு மாதம் போனதாகவே இருக்கட்டும் பாப்பா. அதற்கு வட்டி கட்ட வேண்டாம்.

கைடுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடு. விளக்கம், மன்னிப்புக் கடிதம் எதுவும் தேவையில்லை. "மேடம், மூன்றாம் இயல் முழுமையாகவில்லை. இதுவரை எழுதிய பகுதியை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். எந்தத் திசையில் போகலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்." இவ்வளவு போதும். அரைகுறை வரைவைப் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. அதை நீ மறைத்து வைத்தால் அவர்களாலும் உதவ முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தூக்கம் சரியாக இருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? பிடித்த வேலைகளில்கூட மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், இந்தக் கடிதத்தில் உள்ள யோசனைகள் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, மத்திய அரசின் இலவச சேவை, தமிழிலும் பேசலாம். சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காத சிரமம் சிலருக்கு இருக்கும். அதுவும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷம் இருக்கிறது, மறுபதிவு செய்தால் அதற்கு மேல் இரண்டு வருஷம், பெண்களுக்குக் கூடுதலாக இன்னும் இரண்டு வருஷம்வரை சலுகை. படிப்பு பறிபோய்விடாது. ஆனால் உதவித்தொகை ஐந்தாவது வருஷத்தோடு நின்றுவிடும் என்று நீ ராத்திரியில் யோசிப்பது அம்மாவுக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஆகும் ஹாஸ்டல் கட்டணம், மெஸ் பில், கடைசியில் பைண்டிங் செலவு எல்லாவற்றையும் என் பென்ஷனில் ஒதுக்கிவிட்டோம். அந்தக் கணக்கை நீ போடாதே. முதல் குளத்தின் பதிவை எனக்கும் அனுப்பு. பிராஞ்சேரிக் குளமோ வேறு குளமோ, எது முதலில் வாய்க்கு வருகிறதோ அதையே பேசு.

அன்புடன்,
அப்பா