பெட்டிக்குள் உங்கள் பணம் வேண்டாம்

மலாவியின் கிராமச் சேமிப்புக் குழுக்களுக்கு நிதி தர முன்வரும் அறக்கட்டளைகளுக்கு,

வணக்கம். குழுவுக்கு இவ்வளவு எனச் சுழல்நிதி (திரும்பத் திரும்பக் கடனாகச் சுற்றிவர வெளியிலிருந்து தரும் பணம்) கொடுத்தால் பெண்களுக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், வறுமை குறையும் என்று திட்டமிடுகிறீர்கள். உங்கள் நல்ல மனம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பணத்தைக் குழுவின் சேமிப்புப் பெட்டிக்குள் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கிராமச் சேமிப்புக் குழு என்பது 1991-ல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய முறை. மலாவியில் பேங்க் ம்கோண்டே என்கிறார்கள். நம் சுய உதவிக் குழு வங்கிக் கடனை எதிர்பார்த்துச் சேமிக்கும். இங்கே கடன் முழுக்க உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்தே வருகிறது.

ஒரு குழுவில் 15 முதல் 25 பேர். ஓர் இரும்புப் பெட்டி, மூன்று பூட்டுகள். சாவிகள் நிர்வாகத்தில் இல்லாத மூன்று பேரிடம். பெட்டி வேறொருவர் வீட்டில். வாரக் கூட்டத்தில் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை பாஸ்புக்கில் விழும். அந்த வாரம் வாங்காத பங்குகளுக்கான கட்டங்களை அப்போதே அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு யாராவது குத்திவிடலாம். இருவர் எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணி இருப்பைச் சத்தமாகச் சொல்வார்கள். அதை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த வாரம் எண்ணத் தொடங்கும் முன் ஒப்பிப்பார்கள். பாஸ்புக்குகளும் பெட்டிக்குள்தான் இருக்கும். எழுத்தறியாத பெண்ணையும் ஏமாற்ற முடியாமல் இருப்பது இதனால்தான்.

கடன், அவரவர் சேமிப்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கிடையாது; மூன்று மாதத்துக்குள் திருப்ப வேண்டும். ஆண்டு முடிவில் கடன்களையெல்லாம் வசூலித்து, பணம் முழுவதையும் பங்குக்கேற்பப் பிரித்துப் பெட்டியைக் காலி செய்கிறார்கள். உதாரணமாக, பங்கு 1,000 குவாச்சா (மலாவி நாணயம்), விற்றவை 2,000 பங்குகள் என்றால் போட்டது 20 லட்சம். வட்டியும் சேர்ந்து 26 லட்சம் இருந்தால் பங்குக்கு 1,300. 120 பங்கு வைத்திருப்பவர் 1,56,000 வாங்கிக்கொண்டு போவார்.

சுழல்நிதி உள்ளே வந்தால் முதலில் கெடுவது இந்தப் பிரிப்புதான். உங்கள் பணத்தைப் பிரிக்கக் கூடாது, ஆகவே பெட்டி ஒருபோதும் காலியாகாது. ஆண்டுக்கொருமுறை தானாக நடக்கும் தணிக்கை நின்றுபோகும். மூன்று மடங்கு வரம்பும் தளரும். பக்கத்து வீட்டுக்காரியின் காசு என்றால் திருப்பக் கேட்பார்கள். எங்கிருந்தோ வந்த காசை யாரும் வற்புறுத்திக் கேட்பதில்லை. பணம் வருகிறது என்று தெரிந்தால் ஊர்த்தலைவருக்கு வேண்டியவர்கள் உறுப்பினர் பட்டியலில் முந்திக்கொள்வார்கள். வாரம் ஒரே பங்கு வாங்குகிறவர் ஒதுங்கிவிடுவார்.

உங்கள் நிதி பயிற்சியாளருக்குப் போகட்டும். முதல் மூன்று மாதம் கூட்டந்தோறும் அவர் இருக்க வேண்டும், பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம், பிரிப்பு நாளில் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியைக் குழுவே வாங்கட்டும். பங்கு விலையை அங்கேயே மிக ஏழையானவர் தரக்கூடியதாக வைக்கச் சொல்லுங்கள். வசதியுள்ளவர் ஐந்து வாங்கிக்கொள்வார். பிரிப்பை டிசம்பரில் வைக்கும் குழுக்கள் உண்டு. அங்கே மழை நவம்பரில் தொடங்கும், மக்காச்சோள விதையும் உரமும் அதற்குள் கையில் இருக்க வேண்டும். ஆகவே அக்டோபரில் பிரிப்பதே உதவும்.

இது எல்லா வறுமையையும் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். கானா, மலாவி, உகாண்டா மூன்றிலும் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், சேமிப்பும் கடன் வசதியும் வீட்டுத் தொழிலும் மேம்பட்டன, பெண்களின் நிலை உயர்ந்தது. சராசரி வீட்டு நுகர்வு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சாலை, உர விலை, பாசனம் ஆகியவற்றுக்குத் தனி நிதி வேண்டும். அதைப் பெட்டிக்கு வெளியே வைத்துச் செலவிடுங்கள்.

உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் சுழல்நிதி என்ற தலைப்பை அடித்துவிட்டு, ‘பயிற்சியாளர் சம்பளம், பயணம்’ என்று எழுதுங்கள். குழுக்கள் அடுத்த சுற்றுக்குப் பங்கு விலையை முடிவுசெய்யும் முன்பே இதைச் செய்யுங்கள்.