மணி அடிப்பவருக்கும் ஆபத்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். பதினொரு பிணங்கள், எரிந்த ஓர் ஊர், கண் சிவந்த மந்திரவாதி. பயம் மட்டும் வரவில்லை. ரத்தத்தைக் கூட்டினால் இருள் கூடிவிடாது. டார்க் ஃபேன்டஸி, அதாவது திகில் கலந்த மாயக்கதை, எழுத வருகிறவர்களில் பாதிப்பேர் வழுக்கும் இடம் அது.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்' (1995) கிடைத்தால் படி. நாயகிக்கு வயது 18. செத்தும் அடங்காதவர்களை அடக்கும் அப்பாவின் வேலை அவள் தலையில் விழுகிறது. கருவி ஏழு மணிகள். மார்பின் குறுக்கே போட்ட தோல்வாரில், சிறிதிலிருந்து பெரிதாக. ரான்னா தூங்கவைக்கும். மோஸ்ரேல் எழுப்பும், ஆனால் சீசா பலகை மாதிரி: கேட்டவர் உயிரின் பக்கம் ஏற ஏற, அடித்தவர் சாவின் பக்கம் இறங்குவார். கிபெத் நடக்கவைக்கும், அசந்தால் அடித்தவரையே இழுத்துக்கொண்டு போகும். பெல்கேர் போன நினைவை மீட்டுத் தரும், கை பிசகினால் இருக்கும் நினைவையும் துடைத்துவிடும். கடைசி மணி அஸ்டரேல். அதன் ஓசை கேட்ட எல்லோரும் சாவுக்குள் போவார்கள், அடித்தவர் உட்பட.

இந்த விதிகள் வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. பிறகு அவள் கை மணிப்பையை நோக்கிப் போகும்போதெல்லாம், எந்த மணி என்று நமக்குப் பதறுகிறது. ஒரு சொட்டு ரத்தம் தேவைப்படவில்லை. நம் வேதாளக் கதையும் இதே சூட்சுமம்தானே? பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும்.

உன் மந்திரவாதி மூன்றாம் அத்தியாயத்தில் ஊரையே எரித்துவிட்டு அலுங்காமல் சோறு தின்கிறான். அங்கேதான் கதை செத்தது. மந்திரத்துக்கான விலையை அவனே கொடுக்கவேண்டும். உச்சக்கட்டத்துக்கு முன் ஒரு முறையாவது, நம் கண்முன்னே.

லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' (2015) வேறு பாடம். காஸ் என்ற பையன் கையுறையைக் கழற்றுவதில்லை. ஏன் என்று ஊர் ஆளுக்கொரு கதை கட்டுகிறது. (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) செத்த அண்ணனின் உடலைப் பற்றிக்கொண்டு நீந்திக் கரையேறியவன் அவன், மனிதத் தோல் பட்டாலே உடம்பு கூசும். வதந்தியை முன்னால் வைத்துக் காரணத்தைப் பாதி நாவல்வரை பொத்திவைத்த வரிசையைக் கற்றுக்கொள். பேச்சைக் கற்றுக்கொள்ளாதே. 17 வயதுப் பையன் நாற்பது வயது தாதா மாதிரி பேசுவது அந்த நாவலின் பலவீனம் என்பேன். உன் நாயகிக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியிருக்கிறது.

பதினொரு பிணங்களில் பத்தை எடுத்துவிடு. மிச்சமுள்ள ஒருவருக்கு ஒரு பெயர் கொடு, ஒரு கெட்ட பழக்கம் கொடு, இரண்டு அத்தியாயம் உயிரோடு நடமாடவிடு. மாற்றி எழுதிய மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் அனுப்பு. மற்றவை அப்புறம்.

அன்புடன்,
அண்ணன்