என் மகள் வகுப்பில் கையைத் தூக்குவதில்லை: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எழுதுகிறேன். எந்தப் பெண் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாகக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவள். எட்டு நாளாக அந்த இடமும் காலி.

போன வாரம் அவள் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வந்தது. மூன்றே வரி. குழந்தைக்குத் தோல் நோய் இருக்கிறது. முழுமையாகக் குணமானதும் மருத்துவர் சான்றிதழோடு அனுப்பவும். வீட்டில் சுத்தம் பேணவும். முதல் இரண்டு வரியை ஒரு தடவைதான் படித்தேன். மூன்றாவதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

ஐந்து மாதத்தில் சிரங்குக்கு (ஸ்கேபீஸ், தோலுக்குள் புகும் ஒரு நுண்ணிய பூச்சியால் வரும் அரிப்பு நோய்) நாங்கள் மருந்து பூசுவது இது மூன்றாவது சுற்று. இரண்டு தடவையும் உங்களுக்கு எழுதித் தெரிவித்தேன், நேரிலும் வந்து பேசினேன். அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. அன்று கேட்டதைத்தான் இன்றும் கேட்கிறேன்: வகுப்பில் அரிப்பு இருக்கும் எல்லாக் குழந்தைகளும், அவர்கள் வீட்டில் இருக்கும் எல்லாரும், ஒரே நாளில் மருந்து போட ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, இன்னொரு தடவை, அதுவும் ஒரே நாளில்.

சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, மருந்து பூசும் ராத்திரி எங்கள் வீட்டில் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். முதலில் நகம் வெட்ட வேண்டும். அப்புறம் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை காதுக்குப் பின்னால் தொடங்கி உள்ளங்கால் வரை, ஒரு விரலகலம்கூட விடாமல் தடவ வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, நகத்துக்கு அடியில். சொறிந்து புண்ணான இடத்தில் பட்டால் எரியும். அவள் அழமாட்டாள், மூச்சை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். 8 முதல் 14 மணி நேரம் அது உடம்பில் இருக்க வேண்டும். நடு ராத்திரி பாத்ரூம் போய்க் கை கழுவினால், கழுவிய கையில் மறுபடி பூச வேண்டும். முதல் சுற்றில் அது எனக்குத் தெரியாது. விரல் இடுக்கில்தான் பூச்சி அதிகம், அந்த இடத்தைத்தான் நாங்களே கழுவி விட்டிருக்கிறோம்.

காலையில் துணி. போர்வை, தலையணை உறை, துண்டு, சீருடை எல்லாம் வெந்நீரில். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டும். மனித உடம்பை விட்டு இறங்கிய பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அவளுடைய துணி முயல் பொம்மையும் பைக்குள் போனது. ‘அதுக்கு மூச்சு முட்டாதா அம்மா?’ என்று தினமும் பையைத் தடவிப் பார்த்தாள். முயல் நாலாம் நாள் வெளியே வந்துவிட்டது. இவளுக்குத்தான் இன்னும் சான்றிதழ் வேண்டுமாம்.

எங்கள் பக்கத் தப்பையும் ஒளிக்கவில்லை. முதல் சுற்றில் பாட்டி மருந்து பூச மறுத்துவிட்டார். ‘எனக்குத்தான் அரிப்பே இல்லையே’ என்றார். ஒன்றரை வயதுத் தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே மட்டும் பூசினோம். அத்தனை சின்னக் குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு முகம், தலை எல்லாம் பூச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சரி, அது எங்கள் கணக்கு. இரண்டாம் சுற்றில் வீட்டில் ஒருவரும் தப்பவில்லை, இரண்டு தடவை பூசுவதையும் முடித்தோம். மூன்று வாரம் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினாள், புண்ணெல்லாம் ஆறிப்போனது. அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை, விரல் இடுக்கில் புதிதாக இரண்டு கொப்புளம், பக்கத்தில் பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அந்த வாரம் வகுப்பில் அவளோடு கை கோத்து நடனப் பயிற்சி செய்தவர்களில் மூன்று பேர் சொறிந்துகொண்டிருந்ததை உங்கள் ஆசிரியரே என்னிடம் சொன்னார்.

இந்த நோயில் ஒரு விஷமம் இருக்கிறது, அதைத் தயவுசெய்து கவனியுங்கள். முதல் முறையாகத் தொற்றும் குழந்தைக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தெரியாமல் போகலாம். அதற்குள் பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் போட்டு நாளுக்கு இரண்டு மூன்று முட்டை வைத்துக்கொண்டே போகும், குழந்தையும் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரப்பிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே வந்து போன குழந்தைக்கோ, மறுபடி தொற்றினால் ஒன்று முதல் நாலு நாளில் அரிப்பு வந்துவிடும். அதனால் வகுப்பில் முதலில் சொறிபவள் என் மகள்தான். முதலில் கொண்டுவந்தவள் என்று பெயர் வாங்கியதும் அவள்தான். கடைசி பெஞ்சுக்குப் போனதும் அவள்தான். பூச்சி முன் பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்து பாடம் கேட்கிறது.

முழுமையாகக் குணமாக வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை. பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். தோலுக்குள் கிடக்கும் செத்த பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. முதல் தடவை முறையாக மருந்து பூசிக் குளித்த மறுநாளே குழந்தை வகுப்புக்கு வரலாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். அரிப்பு நிற்கும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்றால், ஒரு மாதம் பாடம் போகும். அதற்குள் நடனத் தோழி யாராவது பூச்சியைத் திருப்பித் தந்திருப்பாள்.

அவளைச் சுறுசுறுப்பில்லாத பிள்ளை என்று வகுப்பாசிரியர் சொன்னார். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாளாம். வீட்டில் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறவள். என்ன விஷயம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், ‘கையைத் தூக்கினா விரல் தெரியும்மா’ என்றாள். முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்து விரலை மூடிக்கொள்ளப் பழகியிருக்கிறாள். அந்தச் சட்டையின் கை விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது. நோய்க்கு மருந்து இருக்கிறது. இதற்கு என்ன பூசுவது என்று அந்தச் சீட்டில் எழுதவில்லை.

உங்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. எங்களுக்கு முதலில் மருந்து எழுதிய மருத்துவர் பிள்ளையின் கையை மட்டும் பார்த்தார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. ஐந்து பேர் படுக்கும் வீட்டுக்கு ஒரு டியூப். அதற்கு முன்னால் மருந்துக் கடையில் கேட்காமலே கொடுத்த கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. தடிப்பு அமுங்கியது, பூச்சி கும்மாளம் போட்டது. நோய் அடையாளமே மாறிப்போய் மூன்று வாரம் வீண். சொறியும் புண்ணில் கிருமி இறங்கினால் பாதிப்பு சிறுநீரகம் வரை போகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது 2017இல். எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டாலும் உலகில் 20 கோடிப் பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். 1687இலேயே போனோமோ என்ற இத்தாலிய மருத்துவர் இந்தப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, ஒரு கடிதமாக வெளியிட்டார். பிள்ளைகளின் தோலிலிருந்து ஏழைப் பெண்கள் ஊசி முனையால் எதையோ எடுப்பதைக் கவனித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஊசியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் அன்றைக்கு யாராவது சுத்தம் பேணச் சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்று நான் அடம்பிடிப்பது என் சொந்த யோசனை இல்லை. ஃபிஜி தீவுகளில் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. நோய் உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் மட்டும் கிரீம் கொடுத்த இடத்தில் ஒரு வருடத்தில் நோய் 37 சதவீதத்திலிருந்து 19 ஆனது. எல்லாருக்கும் பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த இடத்தில் 32 சதவீதம் 2 ஆனது. பள்ளியில் மாத்திரை விநியோகியுங்கள் என்று நான் சொல்லவில்லை. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை, யாருக்கு எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சொறியும் பிள்ளையை மட்டும் பிடித்துப் பூசிக்கொண்டிருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டுவோம் என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். யார் பெயரும் போடாமல் வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு மருத்துவரை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளின் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பே இல்லாத பிள்ளைகளுக்கும் பூச வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி தேவைப்படும் எல்லா வீட்டிலும் மருந்து, அடுத்த சனிக்கிழமையும் அதே. பெஞ்சைப் பிரிப்பதும் சான்றிதழ் கேட்பதும் வேண்டாம். கோர்த்த கையில் பத்து நிமிடம் போதும் இது ஊர்ந்து போக. கடைசி பெஞ்சுத் தண்டனையால் எந்தப் பூச்சியும் செத்ததில்லை.

உங்கள் வேலையைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று சுற்றறிக்கையின் வாசகத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டைப் போலவே மூன்று வரிதான். மூன்றாவது வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன், அவளுடைய பழைய இடத்தில் உட்கார வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா