அந்த 60 சதுர அடி பற்றி: அரசு வீடுகளுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஊரக வீட்டுத் திட்டங்களுக்கு மாதிரி வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அளவு பார்க்கும் பணி மேற்பார்வையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். கலைஞரின் கனவு இல்லம் வீட்டில் கான்கிரீட் தளம் இல்லாமல் வேறு கூரைக்கு விட்டிருக்கும் 60 சதுர அடியைப் பற்றித்தான் பேச்சு. நானும் உங்கள் தொழில்தான். டிப்ளமோ சிவில் முடித்துப் பன்னிரண்டு வருடமாக சைட்டில் நிற்கிறேன். பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பில். சுனாமி வந்தபோது எனக்குப் பதினொரு வயது.

சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். வரிசையாகப் பதினெட்டு வீடு. எல்லாம் சுனாமிக்குப் பிறகு ஓர் அமைப்பு கட்டிக் கொடுத்த, கூரைக்குக் கான்கிரீட் தளம் போட்ட வீடுகள். உள்ளே விளக்கு எரியும், டிவி ஓடும், ஆள் இருக்க மாட்டார்கள். என் அம்மா அந்த வீட்டில் பீரோ வைத்திருக்கிறார், சாமி படம் மாட்டியிருக்கிறார், ரேஷன் அரிசி வைத்திருக்கிறார். படுப்பதும் சமைப்பதும் வலை பின்னுவதும் வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவதும் வாசலில் இறக்கிய சாய்ப்பில்தான்.

அந்தச் சாய்ப்பை நான் டேப் பிடித்து அளந்திருக்கிறேன். பத்துக்கு எட்டு. ஆறு சவுக்குக் கம்பு, ஒவ்வொன்றின் அடியிலும் தார் பூசி மணலில் இரண்டடி இறக்கியிருக்கிறார். மேலே மூங்கில் வரிச்சு, அதன்மேல் கீற்று. கீற்றின்மேல் கிழிந்துபோன பழைய வலையைப் போர்த்தி, வலையின் ஓரங்களில் செங்கல் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்று கீற்றைத் தூக்காது. பக்கத்துக்கு மறைப்பாக ஒரு தட்டி உண்டு. வாடைக்காற்று தொடங்கும்போது அதை வடக்குப் பக்கம் கட்டுவார், கச்சான் என்கிற மேல்காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் மேற்கே மாற்றுவார். இரண்டு முடிச்சை அவிழ்த்து இரண்டு முடிச்சு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பதினெட்டு வீட்டிலும் இப்படி ஒரு சாய்ப்பு இருக்கிறது. அந்த வீடுகளின் வரைபடத்தில் அது எங்கேயும் கிடையாது.

கீற்று வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதில் குடியிருந்தவர்கள் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. இதையெல்லாம் பார்த்த பகுதியைச் சேர்ந்த ஒருவன் குடிசையின் அழகைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூரை மேயக் கடன் வாங்கியதும் அம்மாவுக்கு மறக்கவில்லை. தளம் போட்ட வீடு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை. அதை யாரிடமிருந்தும் பிடுங்கக் கூடாது.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் வீட்டுத் தளத்துக்குக் கீழே 23 பேர் இருந்தோம். வெளியே சாய்ப்பு போய்விட்டது, பக்கத்துத் தெருவில் தகரம் பறந்தது. அந்தத் தளம் இல்லையென்றால் இந்த மடலை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

அதனால் தளம் வேண்டும். வீடு முழுவதுமே அதாக இருக்க வேண்டுமா என்பதுதான் நான் கேட்பது.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குப் பயனாளி விருப்பப்படி தீப்பற்றாத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறீர்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீடு என்பது ஒரே பொருளால் ஆன பெட்டியாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு அரசு ஆணை ஒப்புக்கொள்கிறது! ஆனால் நான் போய்ப் பார்த்த வீடுகளில் அந்த 60 சதுர அடி ஒன்று அடுப்படியாக மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது, இல்லையென்றால் அதற்கும் சேர்த்துத் தளம் போட்டு முடித்துவிடுகிறார்கள். வேறு எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு யாரும் வரைந்து காட்டவில்லை.

தளத்தின் எடையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அங்குலக் கனத்தில் 300 சதுர அடி என்றால் ஏறக்குறைய 7 டன். அந்த 7 டன்னைத் தாங்கத்தான் சுவர், சுவரைத் தாங்கத்தான் அடித்தளம், இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஏழைக் குடும்பம் அரசு தரும் பணத்துக்கு மேல் கடன் வாங்குகிறது. மங்களூர் ஓட்டுக் கூரை, மரச்சட்டத்தோடு சேர்த்தாலும், அதே பரப்புக்குக் கால் பங்கு எடைதான் வரும். ஓடு தீப்பற்றாது. நாலு ஓடு உடைந்தால் நாலை மட்டும் மாற்றினால் போதும்.

சூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தளம் காலையிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், ராத்திரி நாம் படுத்த பிறகு கீழே இறக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூடான காற்றுதான் சுற்றும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதற்கு வழி செய்து காட்டி ஐம்பது வருடம் ஆகப்போகிறது. தளத்தின் அடிப்பாதிக் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அந்த வேலையைக் கம்பிதான் பார்க்கிறது. அதனால் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை வைத்துத் தளம் போட்டார். சிமெண்ட் குறைந்தது, எடை குறைந்தது, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் தடுத்தது. நம் மேஸ்திரிகளுக்கு இது ஒரு நாளில் பிடிபடும். எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி இருந்தால்தான் செய்வார்கள்.

கடற்கரையில் இன்னொரு சங்கடம் உண்டு, உப்பு. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்தே காரையைத் தள்ளும். எங்கள் வீட்டில் பதினோராவது வருடம், நடுமதியம், பலகை அளவுக்கு ஒரு காரை பெயர்ந்து அம்மாவின் பாயில் விழுந்தது. அவர் அப்போது வெளியே சாய்ப்பில் உட்கார்ந்திருந்தார். கட்டியவர்கள் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைக் கான்கிரீட்டின் ஓரத்திலிருந்து தள்ளி வைக்கும் சின்னக் கட்டை) வைத்திருக்கவில்லை, உடைந்த இடத்தில் கம்பி அரை அங்குல ஆழத்தில்கூட இல்லை. கீற்று பழுதானால் அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். தளம் பழுதானால் எங்கள் தெருவில் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்காரன் கையால் பழுது பார்க்க முடியாத பாகம் வீட்டில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். இப்போது எல்லாம் ஃபைபர் போட் ஆகிவிட்டது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார். மறுநாள் திரும்பக் கட்டுவார். ஆணி கிடையாது. அலை அடித்தால் விறைத்து நிற்காமல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதே ஆள்தான் எங்கள் பழைய வீட்டையும் கட்டினார். நாலு பக்கமும் சரியும் கூரை, குனிந்து நுழைகிற அளவுக்குத் தாழ்ந்த இறவாரம், முடிச்செல்லாம் கயிறு. இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு காற்றை நன்றாகத் தாங்கும் என்பதை நான் டிப்ளமோவில் படித்தேன். அவருக்கு அது கைப்பழக்கம்.

இலேசாக இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்களைத் தார் ஷீட் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அதைவிட இலேசான வீட்டை நான் பார்த்ததில்லை, அதைவிடக் கொடுமையானதையும் பார்த்ததில்லை. பகலில் உள்ளே நிற்க முடியாது. 1995-ல் ஜப்பானில் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் அட்டைக் குழாய்களைச் சுவராக நிறுத்தி, மணல் நிரப்பிய பீர் பெட்டிகளை அடித்தளமாக வைத்து வீடு கட்டினார். 2001-ல் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு பூஜ் பக்கத்திலும் அப்படிக் கட்டியபோது, அடித்தளத்துக்கு இடிந்த கட்டடங்களின் கல்லையே எடுத்துக்கொண்டார். அதுவும் இலேசுதான், அதுவும் தற்காலிகம்தான். வித்தியாசம், உள்ளே இருக்கப்போகும் மனிதரை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருந்தார்.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன்.

அந்த 60 சதுர அடியைப் பின்மூலையிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவாருங்கள். வாசலில் திண்ணையாக, சாய்ப்பாக வரைந்து காட்டுங்கள். தரைமட்டம் வரை அடித்தளத்தை அதற்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். கம்பு நிற்க வேண்டிய இடங்களில் நாலு அங்குலக் குழாய்த் துண்டைக் கான்கிரீட்டில் பதித்து, குறுக்கே ஒரு போல்ட் போக ஓட்டை விடுங்கள். கம்பு மக்கினால் உருவிவிட்டு வேறு நடலாம். புயல் தூக்கினால் போல்ட் பிடித்துக்கொள்ளும். குழாயின் அடியை அடைக்காமல் மணலில் விட்டால் தண்ணீர் தேங்காது. தளத்தின் ஓரத்தில் சாய்ப்பைப் பிடித்துக் கட்ட நாலடிக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத கொக்கி. இத்தனை ஏற்பாடு இருந்தால் மேலே மங்களூர் ஓடா, நாட்டு ஓடா என்பதை அந்த வீட்டுப் பெண்ணே முடிவு செய்துகொள்வார். ஆஸ்பெஸ்டாஸையும் வெறும் தகரத்தையும் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள்.

இன்னொன்று, வீடு வளரும். என் தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு அறை சேர்க்க வேண்டி வந்தது. வாசல் உடைக்க எங்கே சரியான இடம் என்று யாருக்கும் தெரியாது. மூலைக்குப் பக்கத்திலேயே உடைத்தார்கள், வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலும் போடவில்லை. விரிசல் தளம் வரை போனது. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். பின்னால் வாசல் வரப்போகிற இடத்தில் கட்டும்போதே ஒரு லிண்டலைப் போட்டு, கீழே செங்கல்லை அடைத்துப் பூசி வைத்திருந்தால் போதும், நாலு தட்டில் வாசல் திறந்திருக்கும். ஒரு லிண்டலுக்கு என்ன செலவாகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சுவரின் முனையில் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று நீட்டிப் பல் விட்டு வையுங்கள், அடுத்த சுவர் வந்து பிடித்துக்கொள்ளும். கம்பியை மட்டும் வெளியே நீட்டி விடாதீர்கள், கடற்கரையில் அது ஐந்து வருடத்தில் துருவாகிப் பயனில்லாமல் போகும்.

இது புதிய யோசனை இல்லை. கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980-களில் இந்தூரில் ஆரண்யா குடியிருப்பை இப்படித்தான் தொடங்கினார். சின்ன மனை, அடித்தளம், கழிப்பறை, சமைக்க ஓர் இடம். மீதியைக் குடும்பங்கள் தங்கள் வசதிக்குத் தக்கபடி கட்டிக்கொண்டன. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். 1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் சென்னை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, வீட்டை மக்கள் கையில் விட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. முடிக்காமல் கொடுத்த இடத்தைச் சனங்கள் பாழாக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு அரும்பாக்கத்தைக் காட்டலாம்.

அப்புறம், சாவி கொடுக்கும் நாளில் ஒரு தாளும் கொடுங்கள். எந்தச் சுவரை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது, மேலே இன்னொரு மாடி தாங்குமா, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. படம் போட்டு, தமிழில், ஒரே பக்கம். போன் வாங்கினால்கூட ஒரு கையேடு வருகிறது.

வரைபடங்களை மாற்றப் பல மேசைகள் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடித்தளம், ஜன்னல் மட்டம், தளம் என்று நிலைக்கு நிலை பில் போடுகிற முறையில் ஓட்டுச் சாய்ப்புக்குத் தனியாக நிலை கிடையாது, அதனால்தான் அது நடக்காமல் போகிறது என்பதும் தெரியும். அந்த ஒரு நிலையைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். திண்ணைக்கும் பில் வரும் என்றால் கான்ட்ராக்டரே அதைக் கேட்டுக் கட்டுவார்.

புரட்டாசி கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், அம்மா சாய்ப்பைப் பிரித்து மறுபடி கட்டுவார். இந்த முறை கீற்றை எடுத்துவிட்டு ஓடு போடப் போகிறோம், நான் சொன்ன குழாயையும் கொக்கியையும் முதலில் எங்கள் வாசலிலேயே வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நாள் வேலை. உங்களில் யாராவது வந்தால் டேப்பைக் கொண்டுவாருங்கள், உட்கார இடம் இருக்கிறது. அம்மா கருவாட்டுக் குழம்பு வைப்பார்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் உள்ள ஒருவன்
நாகப்பட்டினம் மாவட்டம்