அசட்டை வேறு, இது வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சொல் பகுதியில் ‘இன்கியூரியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அசட்டை’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். அடியோடு தப்பென்று சொல்ல மாட்டேன். அதன் வேரான ‘கூரா’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கவனம், அக்கறை என்றுதான் அர்த்தம். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருள் தேய்ந்துவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றாதவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

போன மாதம் வேலூரில் பேரனோடு ஆட்டோவில் வந்தேன். மக்கான் என்ற இடத்தருகே அவன், “அது இன்னா தூணுண்ணா?” என்று கேட்டான். “தூணுதாம்பா. இருபது வருசமா இதே ரூட்டு, இன்னாத்துக்கு அதெல்லாம்?” என்றார் ஓட்டுநர். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததன் நினைவுத் தூண் அது. ஆங்கிலேயர்கள் புதுத் தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை போட்டதும் அவர்களைக் கொதிக்க வைத்தன என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் “ஓ” என்றார். அப்புறம் ஹாரன் அடித்தார்.

அந்த மனிதரை அசட்டைக்காரர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆளில்லாத தெருவிலும் கைகாட்டித்தான் திரும்பினார். இறங்கும்போது என் பையைப் பிடித்துக்கொண்டார். பாக்கி ஐந்து ரூபாய்க்குச் சட்டைப்பை, சீட்டுக்கு அடியில் என்று துழாவி எடுத்துக் கொடுத்தார். அக்கறைக்குக் குறைவே இல்லை, கேள்விதான் எழவில்லை.

‘ஆர்வமில்லாதவர்’ என்றும் போட முடியாது. ஆர்வமில்லை என்றதும் ‘எதில்?’ என்று கேட்கத் தோன்றும். எனக்குக் கிரிக்கெட்டில் இல்லை, அவ்வளவுதான். இந்தச் சொல்லோ ஆளின் சுபாவத்தையே சொல்கிறது. ‘தேடல் இல்லாதவர்’ கிட்டத்தில் வருகிறது, ஆனால் கொஞ்சம் ஆசிரம வாடை. நீளமானாலும் ‘அறியும் ஆவலற்றவர்’ சரியாக இருக்கும். ஆங்கிலத்தில் பார்வைக்கும் இதே சொல்லைப் போடுவார்கள். அங்கே நமக்கு ‘வெறுமனே பார்த்தான்’ போதும்.

ஒன்று, இதை எப்போதும் வசவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரன் சம்பளம் எவ்வளவு, பேத்திக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் எங்கள் தெருவில் இப்படி நாலு பேர் குடிவந்தால் நான் நிம்மதியாகக் கோலம் போடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காட்பாடி