தஃப்தரை முதல் நாளே கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஜமாஅத் முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும், நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நிக்காஹ் பதிவேடான தஃப்தரை, நிக்காஹுக்கு முந்தின நாளே மணப்பெண்ணிடம் படிக்கக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அத்தா மவுத்தான அன்று, மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு வைத்திருந்த நேரம். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் என் அம்மாவின் காதருகே குனிந்து, நிக்காஹில் அத்தா அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகையைக் குறித்து, "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு தாயி" என்றார். அம்மா அழுதுகொண்டே தலையாட்டினார். அன்றிரவு நான்தான் கேட்டேன், மஹர் எவ்வளவும்மா என்று. நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க பேசிக்கிட்டது" என்றார்.

மன்னிப்பது அவர் உரிமை, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் எவ்வளவு என்றே தெரியாத கடனை எப்படித் தள்ளுபடி செய்வது? மஹர் கடன்தான், சொத்தைப் பங்கு வைக்குமுன் அடைக்க வேண்டிய கடன். இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் பள்ளிவாசல் ஆபீஸில் பழைய தஃப்தரைக் கேட்டு மூன்று நாள் நடந்தேன். கிடைத்தது. 1974-ஆம் வருஷம். மஹர் ரூ. 125. அத்தாவின் கையெழுத்து, பெண்ணிடம் சம்மதம் கேட்டு வந்து சொல்லும் வகீலின் கையெழுத்து, சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து எல்லாம் இருந்தன. அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது, கையெழுத்து இல்லை.

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கீழே மேடையில் மாப்பிள்ளை, ஹஜ்ரத், மைக். மாடியில் பெண். வகீலும் சாட்சிகளும் தஃப்தரோடு மாடியேறி வந்தார்கள். கீழே பிரியாணி தம் உடைக்கக் காத்திருக்கிறது, அதனால் எல்லோருக்கும் அவசரம். "இன்னாரை, இத்தனை ரூபாய் மஹருக்கு நிக்காஹ் செய்துவைக்கச் சம்மதமா?" பெண் வாய் திறக்குமுன் பக்கத்திலிருந்த நாலு பேர் "சம்மதம்தான், சம்மதம்தான்" என்று முடித்துவிட்டார்கள். பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மருதாணிக் கையால் கையெழுத்துப் போட்டாள். எம்.எஸ்சி. படித்த பெண். பேங்க் லோன் விண்ணப்பமாக இருந்தால் நாலு தரம் படித்துப் பார்த்திருப்பாள்.

கன்னிப் பெண்ணின் மவுனமே சம்மதம் என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அவளிடம் அனுமதி கேட்காமல் மணமுடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது. வெட்கப்படுகிறவளுக்குக் கொடுத்த சலுகையை நாம் கேட்காமலிருக்க எடுத்துக்கொண்டோம். கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை, அவர் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பனார் கட்டிவைத்த நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்து செய்ததும் புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

மஹருக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஹனஃபி ஜமாஅத். நம் மத்ஹபில், அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியில், மஹரின் கீழ் எல்லை 10 திர்ஹம், அதாவது ஏறக்குறைய 30 கிராம் வெள்ளி. 501, 1,001 என்று எழுதி மைக்கில் வாசிக்கிறோமே, இன்றைக்கு அந்தக் காசுக்கு எந்த நகைக்கடையில் 30 கிராம் வெள்ளி தருவார்கள்? ஷாஃபி மத்ஹப் ஜமாஅத்துகளில் இந்த எல்லை கிடையாது. இரும்பு மோதிரத்தையாவது தேடி வாருங்கள் என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஹதீஸில் வரும் மனிதரிடம் உடுத்தியிருந்த வேட்டியைத் தவிர எதுவும் இல்லை. நம் மாப்பிள்ளை காரில் வந்து இறங்குகிறார். கார் பெண் வீட்டுக் கார்.

அந்தக் கார் தஃப்தரில் இல்லை. நாற்பது பவுன் இல்லை, ரொக்கமும் இல்லை. மாப்பிள்ளை கொடுக்கும் 1,001 மட்டும் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. கைக்கூலி என்ற பெயரில் வரதட்சணை வாங்குவதோ அந்தச் சட்டப்படி குற்றம். நகையைப் பொறுத்தவரை, மணமுறிவான முஸ்லிம் பெண்ணுக்கு மஹரும் அவள் வீட்டார் கல்யாணத்தில் கொடுத்தவையும் திரும்பி வர வேண்டும் என்கிறது 1986-ஆம் வருஷத்துச் சட்டம். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதே சட்டத்தின்படி ஒரு பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இழுபறியே, நகையும் பணமும் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று திருமணப் பதிவேட்டில் எழுதியிருந்ததைப் பற்றித்தான். நீங்கள் அவசரத்தில் எழுதும், அல்லது எழுதாமல் விடும் ஒரு வரிக்கு உச்ச நீதிமன்றம் வரை வேலை இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நிக்காஹுக்கு முதல் நாளே தஃப்தரை எழுதி முடியுங்கள். அன்று மாலை அதைப் பெண் வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரு மணி நேரம் அவள் கையில் இருக்கட்டும். மஹர் எவ்வளவு, உடனே தருவதா பிறகு தருவதா, அவள் ஏதாவது நிபந்தனை வைக்கிறாளா, வீட்டார் போட்ட நகை எத்தனை பவுன், அது யாருக்கு என்று அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நிறைவேற்ற மிகவும் தகுதியானவை நிக்காஹ் நிபந்தனைகள் என்ற ஹதீஸை நீங்களே மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறுநாள் வகீல் வந்து கேட்பது வழக்கம்போல் நடக்கட்டும். பதிவு அலுவலகத்தில் 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிய 2009-ஆம் வருஷத்திலிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருப்பதால் மாப்பிள்ளை வீட்டார் நகல் வாங்க வருவார்கள். அதேபோல் இன்னொரு நகலை முத்திரை போட்டுப் பெண்ணின் கையிலேயே கொடுங்கள். அவள் அத்தாவிடம் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும்.

தஃப்தர் பள்ளிவாசலை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு நிர்வாகி சொன்னார். மண்டபத்துக்குப் போகிறதே என்றேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அடுத்த மாதம் என் தங்கை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். சனிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் ஆபீஸுக்கு வருகிறேன். அலமாரிச் சாவி வைத்திருப்பவரை அந்த நேரத்துக்கு இருக்கச் சொல்லுங்கள். மஃரிப் தொழுகைக்குள் தஃப்தரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்.

வஸ்ஸலாம்.